வாயில் படாத பயிற்சி

எங்கள் ஊர்ப் பக்கம் பாதி வீடுகளில் ஒருவராவது வளைகுடாவில் இருக்கிறார். அதனால் என் கணவர் வெளியூரில் வேலை செய்கிறார் என்றால், "எந்த நாடு?" என்றுதான் கேட்பார்கள். இந்தியாதான், வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கம், பூமிக்கு அடியில் எலக்ட்ரீசியன் வேலை என்று சொன்னால் சற்று இரக்கத்தோடு பார்ப்பார்கள். பயத்தோடு யாரும் பார்த்ததில்லை. பயப்படும் வேலையை நானே மொத்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மல்லிகை, கொஞ்சம் தென்னை. புயலில் தென்னை சாய்ந்த பிறகு ஐ.டி.ஐ. சான்றிதழோடு கிளம்பியவர் அவர். நான் வேதியியல் பட்டப்படிப்பு முடித்து, மகள் பிறக்கும்வரை ஒரு பள்ளியில் பாடம் நடத்தியவள். படித்தவள் என்பதால் பயம் குறையும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். அது சுரங்கத்தில் தீப்பிடித்தால் வரும் வாயு என்பது, அவருக்கு வேலை உத்தரவு வந்த அன்று ராத்திரிச் சாப்பாடு பரிமாறும்போதுதான் உறைத்தது.

ஷிஃப்டுக்கு இறங்கும் முன் அவர் ஒரு படம் அனுப்புவார். தலையில் விளக்கு வைத்த தொப்பி, இடுப்புப் பட்டையில் ஒரு தகர டப்பா. செல்ஃப் ரெஸ்க்யூவர் என்பது அதன் பெயர். புகை சூழ்ந்தால் திறந்து வாயில் வைத்துக்கொண்டு மூச்சு விட்டபடியே வெளியே நடந்துவிடலாம். நாம் விடும் மூச்சையே உள்ளிருக்கும் ரசாயனம் வாங்கிக்கொண்டு ஆக்சிஜனைத் திருப்பித் தரும். அவர்கள் அதை டப்பா என்றுதான் சொல்வார்கள். நான் படத்தில் முகத்தைப் பார்ப்பதற்கு முன் டப்பாவைத்தான் தேடுவேன். அது இருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

மகளுக்கு ஒரு வயது முடிந்ததும் காதுகுத்து வைத்தோம். அவர் ஒரு மாத லீவில் வந்திருந்தார். அவரோடு அதே சுரங்கத்தில், அதே ஷிஃப்டில் வேலை பார்க்கும் நண்பர் குன்றாண்டார்கோவிலிலிருந்து வந்திருந்தார். அவரும் லீவில் இருந்தார். என்னைத் தங்கச்சி என்பார். நானும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

விருந்து முடிந்து கூட்டம் கலைந்ததும் மகளுக்கு இளைப்பு வந்துவிட்டது. அடுப்புப் புகை ஆகாது அவளுக்கு. மருந்தை ஆவியாகத் தரும் நெபுலைசர் மெஷினை எடுத்து வைத்து மாஸ்க்கை முகத்தில் பிடித்தேன். அவள் என் மடியில் சாய்ந்து, காதுத் தோட்டைத் தடவிக்கொண்டு, சும்மா இருந்தாள்.

அண்ணன் வாயைப் பிளந்தார். "எங்க வீட்டுல இதுக்கு நாலு பேரு பிடிக்கணும் தங்கச்சி. மெஷினத் தூக்கினாலே சின்னவன் அங்கிட்டு ஓடிருவான். இது எப்படி?"

எட்டு மாதத்தில் முதன்முதலில் வைத்தபோது இவளும் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்து நீலம் பாரிக்க அழுதவள்தான். அன்று ஆஸ்பத்திரி நர்ஸ் எனக்கு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, ஒரு பிள்ளைக்கு வைத்த மாஸ்க்கை இன்னொரு பிள்ளைக்கு வைக்கக் கூடாது. இரண்டு, நோவு வந்த அன்றைக்குப் பழக்க முடியாது, நல்லா இருக்கும்போது பழக்கு. அதிலிருந்து தினமும் காலையில் மெஷினைப் போடாமலே மாஸ்க்கை வைத்து விளையாடுவோம். முதலில் பொம்மைக்கு, அப்புறம் எனக்கு, அப்புறம் அவளுக்கு. இதைச் சொன்னேன்.

என் கணவர் சிரித்தார். "பாத்தியாடா, எம் மகளுக்கு நம்மள விட ட்ரெயினிங் ஜாஸ்தி."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏங்க, அந்த டப்பாவ நீங்க தொறந்திருக்கீங்களா?"

"தொறந்தா அவ்வளவுதான். ஒரு தடவைதான் அது. வெல என்னான்னு நெனச்ச? பழகறதுக்குன்னு எவன் தொறக்க விடுவான்?"

"அப்ப எப்படிப் பழகுனீங்க?"

"பயிற்சிக்குன்னு ஒரு டம்மி இருக்கு. வருசத்துக்கு ஒரு தடவ முப்பது பேரு வரிசையா நிப்போம். ஆளுக்கு ஒரு நிமிசம். முடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவோம்."

"முப்பது பேரும் அந்த ஒண்ணையேவா வாயில வச்சீங்க?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பைத் தூக்கி, தலையை அண்ணாந்து, உதட்டிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்துக் காட்டினார்.

"இப்படித்தான் தங்கச்சி. அண்ணாந்துதான். ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சுத்தான் குடுக்குறாங்க. இருந்தாலும் முப்பது பேரு எச்சி. பான்பராக்கு போடுறவன் பாதிப் பேரு."

"நீங்க?" என்று கணவரைக் கேட்டேன்.

"எனக்கு முன்னாடி இவன் நின்னான். இவன் பல்லு வெளக்குற லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்றார்.

அவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் சங்கடம். நான் அவர்களைத் திட்டும் நிலையில் இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் பிப்பெட் என்ற அளவுக் குழாயை வாயால் உறிஞ்ச வேண்டும். எனக்கு முன்னால் யார் உறிஞ்சினார்களோ என்ற அருவருப்பில் உதடு படாமல் பிடித்துக்கொண்டு, அளவை உத்தேசமாக எழுதித் தேர்வு வரை ஓட்டியவள் நான். தண்ணீர் குடிக்கப் பழகும்போதே உதடு படாமல் குடிக்கப் பழகிய ஊர் இது. அதில் வளர்ந்தவர்களிடம் ஒரே ரப்பரைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னால் இப்படித்தான் ஆகும். என் விடை தப்பானபோது மதிப்பெண் குறைந்தது. இவருக்குத் தப்பானால்?

அன்று சாயங்காலமே, அவர் போனில் படம் எடுத்து வைத்திருந்த டப்பாவின் குறிப்புத் தாளை ஒரு வரி விடாமல் படித்தேன். இங்கிலீஷில் இருந்தது. ரப்பர் விளிம்பு உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே உட்கார வேண்டும். மூக்கைக் கிளிப்பால் அடைக்க வேண்டும். வரும் காற்று சூடாகவும் வறட்சியாகவும் இருக்கும், இழுக்கக் கொஞ்சம் கடினமாக இருக்கும், அதெல்லாம் டப்பா வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், நல்ல காற்றுக்கு வந்து சேரும்வரை எதற்காகவும் வாயை விட்டு எடுக்கக் கூடாது.

"சூடா வரும்னு சொல்லிக் குடுத்தாங்களா?"

"வகுப்புல சொன்னாங்க."

சொன்னார்கள். மாஸ்க் நல்லது என்று நானும் மகளிடம் முதல் நாளே சொன்னேன்தான்.

அவர் திரும்பிப் போக இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்குள் அவர் வாய் அதைப் பிடித்து வைத்திருக்கப் பழக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் மூன்று முறை பேச வாயெடுத்து மூன்று முறையும் விட்டேன். சுரங்கத்தைக் கண்ணால் பார்க்காதவள், அங்கே ஐந்து வருடம் வேலை பார்த்தவருக்குப் பாடம் நடத்துவதா? பிறகு, மகளுக்கு மாஸ்க் வைக்க என்னிடம் எந்த டாக்டர் பட்டம் இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்துக் கடையில் நெபுலைசருக்கான பிளாஸ்டிக் வாய்க்குழல் தனியாகக் கிடைக்கும். பெரியவர்கள் உதட்டில் பிடிப்பது. மூன்று வாங்கினேன். பால் பாட்டிலின் அகல நிப்பிள் மூன்றும் வாங்கினேன். நிப்பிளின் நுனியை வெட்டிவிட்டு அடி விளிம்பை வாய்க்குழலில் மாட்டினால், அது உதட்டுக்கு உள்ளே அச்சாக உட்கார்ந்தது. வாஷிங் மெஷினுக்கு விற்கும் சுருள் குழாயில் புதிதாக ஒரு முழம். கீழே ஒரு பழைய எவர்சில்வர் சாப்பாட்டுக் கேரியரின் அடுக்கு, அதன் மூடியில் குழாயின் மறுமுனை. துணி காயப்போடும் கிளிப்பில் பஞ்சு சுற்றி மூக்குக்கு.

கேரியரின் அடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டேன். உள்ளே மூச்சு தேங்கிவிடக் கூடாதே என்று இன்னும் போட்டேன். அத்தை, அதாவது மாமியார், "சல்லடையா பண்ணுற?" என்று கேட்கும் அளவுக்குப் போட்டேன். காற்று கொஞ்சம் இறுக்கமாக வர உள்ளே பருத்தித் துணி. சூட்டுக்குத்தான் யோசித்தேன். வெந்நீர் வைத்தால் ஈரம் வரும், இங்கே வேண்டியது வறண்ட சூடு. மகளுக்குச் சளி பிடித்தால் கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்போமே, அந்த உப்பு முடிச்சைக் கேரியருக்குள் வைத்தேன்.

முதலில் எனக்கு நானே மாட்டிக்கொண்டேன். கொல்லையில் மல்லிகை வரிசை நடுவே, கழுத்தில் கேரியர் தொங்க, மூக்கில் துணிக் கிளிப்போடு நடந்தபோது அத்தை பூப்பறித்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, என்னா கோலம் இது? பாக்குறவக என்னா நெனப்பாக?"

பதில் சொல்ல வாயை எடுத்துவிட்டேன். அப்போதுதான் புரிந்தது. வாயை எடுக்கப் புகையோ சூடோ வேண்டியதில்லை. யாராவது கூப்பிட்டால் போதும்.

மறுநாள் காலையில் அவரிடம் கொடுத்தேன். "பாப்பாவோட நிப்பிளா?" என்று கேலி செய்துகொண்டேதான் மாட்டினார். பத்து மூச்சு இழுத்திருக்க மாட்டார். பிடுங்கிவிட்டார்.

"ஏ புள்ள, சுடுது! உள்ள என்னமோ கருகுது பாரு, தப்பா கட்டியிருக்க."

"சரியாத்தாங்க கட்டியிருக்கேன். நெசமான டப்பாவும் இப்படித்தான் சுடும். இப்ப நீங்க கீழ இருந்தா?"

அவர் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றார். முகத்தில் இருந்த கேலி போய்விட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி மாட்டினார்.

சூடு இரண்டு நாளில் பழகிவிட்டது. பேச்சுதான் பழகவில்லை. தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் ஓரமாக, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, காலால் குழாயைத் தடவியபடி கிணற்றடியிலிருந்து வீடு வரை வர வேண்டும். இருட்டில், புகையில் நடப்பது போல. வரும் வழியில் நான் கூப்பிடுவேன். "ஏங்க, பேங்கிலேர்ந்து போன்." எடுத்துவிடுவார். "ஏங்க, காலுக்குக் கீழ பாம்பு." எடுத்துவிடுவார், திட்டவும் செய்வார். ஐந்தாம் நாள் என் குரலுக்கெல்லாம் அசையவில்லை. அப்போது வீட்டுக்குள் மகள் விழுந்து அழுதாள். நிஜமாகவே விழுந்திருந்தாள். துண்டு, கிளிப், குழாய் எல்லாவற்றையும் எறிந்துவிட்டு எனக்கு முன்னால் ஓடினார்.

ஓடாத அப்பா யாருக்கு வேண்டும்? மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர்தான் சொன்னார்: "இதுக்கும் சேத்துப் பழகணும்." சொல்லிவிட்டு அவளை அத்தையிடம் கொடுத்தார்.

கடைசி நான்கு நாள் அண்ணனும் பஸ் ஏறி வந்தார். அவருக்கு வைத்திருந்த வாய்க்குழலில் பச்சை நூல் கட்டி, கொதிநீரில் போட்டெடுத்துத் தனி டப்பாவில் வைத்திருந்தேன். கணவருக்குச் சிவப்பு நூல், எனக்கு மஞ்சள்.

"எனக்கே எனக்கா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார் அண்ணன்.

"ஒங்களுக்கேதாண்ணே. வேற யாரும் வாய் வைக்கல."

"தங்கச்சி முன்னாடி நிப்பிளச் சப்பிக்கிட்டு நிக்கணுமா? நீ அங்கிட்டுத் திரும்பிக்கத்தா."

"திரும்பிக்கிட்டா நீங்க அண்ணாந்துதான் பிடிப்பீங்க."

வாய்க்குள் வைத்துக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பெரிய வேலையைச் செய்கிற மனிதரைப் போல மூச்சு விட்டார். எச்சில் இல்லை என்று தெரிந்ததும் வாய் எவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டது! முப்பது பேரிடமும் இல்லாமல் போனது துணிச்சலோ அக்கறையோ அல்ல, ஆளுக்கொரு ரப்பர் துண்டுதான்.

ஆனால் என் மனம் அத்தோடு நிற்கிற மனம் இல்லையே. நான் செய்தது ஒரு விளையாட்டுச் சாமான். நிஜ டப்பாவில் மூடி வேறு மாதிரித் திறக்கும், மூச்சில் பையொன்று உப்பும், சூடு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. இதில் தேறிவிட்டேன் என்று அவர் நம்பி, அங்கே வேறு மாதிரி இருந்து, என்னால்தான் ஏமாந்தார் என்றாகிவிட்டால்? சுரங்கத்துக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது இதை அவரிடமே சொன்னேன். "ஒங்க பயிற்சி அதிகாரிகிட்டப் பேசுங்க. இத அவருக்குத் தெரியாம நாம வச்சுக்கக் கூடாது."

"முப்பது பேரும் ஏமாத்துனோம்னு நானே போட்டுக் குடுக்கவா?"

"ஏமாத்துனத சொல்ல வேண்டாம். எச்சியச் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் போட்டு இந்தியில் பேசினார். எனக்கு அங்கொரு சொல் இங்கொரு சொல்தான் பிடிபட்டது. முதலில் அதிகாரி சிரித்தார். பிறகு யாரையோ கூப்பிட்டு ஏதோ விசாரித்தார். போனை வைத்த பிறகு கணவர் சொன்னார்: "டம்மிக்கு மவுத்பீஸ் மட்டும் தனியா விக்கிறாங்களாம். ஒண்ணு ஒரு டீ வடை காசுதானாம். இத்தன வருசத்துல யாரும் கேட்டதில்லையாம். அவருக்கும் தோணலயாம்." பிறகு, "காலாவதியாக ஒரு வாரம் இருக்கற டப்பா ஒண்ண எடுத்து வைக்கிறாராம். மேல, தரையில வச்சு, ஒரு ஆளு நெசமாப் போட்டுக் காட்டணுமாம். யாருன்னு கேட்டாரு."

யார் என்று நான் கேட்கவில்லை.

அவர்கள் திரும்பிப் போன பிறகு அந்த நாள் வந்தது, காலை பத்து மணி. அண்ணன் வீடியோ கால் செய்தார். பயிற்சி மையத்து வாசல், மரத்தடியில் ஆட்கள். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் பெயர் எழுதிய ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர், உள்ளே அவரவர் மவுத்பீஸ். முதலில் எல்லோரும் டம்மியில் பார்த்தார்களாம், இழுக்க இறுக்கமாக இருந்ததற்கே பாதிப் பேர் ஒரு நிமிடத்துக்குள் வாயை எடுத்துவிட்டார்களாம். தான் எடுக்கவில்லை என்பதை அண்ணன் இரண்டு முறை சொன்னார்.

நடுவில் என் கணவர். பட்டையிலிருந்து டப்பாவைக் கழற்றினார், மூடியை உரித்தார், வாயில் வைத்தார், கிளிப்பை மாட்டினார். அந்தச் சின்னத் திரையில் அவர் தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. பை மெல்ல உப்பியது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லும்வரை, அந்த மைதானத்தைச் சுற்றி நடக்க வேண்டும்.

இரண்டாம் சுற்றில் நெற்றி வியர்த்தது. ஒரு கை மேலே போய்ப் பையைத் தொட்டுவிட்டு வந்தது. சூடு ஏறுகிறது என்று எனக்குத் தெரிந்தது. அந்நேரம் பார்த்து என் மடியில் இருந்த மகள் திரையில் அப்பாவைக் கண்டுகொண்டு, எடுக்கச் சொல்லிக் கையை நீட்டி அழ ஆரம்பித்தாள். நான் போனைத் துண்டிக்கப் போனேன். அதற்குள் அண்ணன் அங்கிருந்து போனை உயரத் தூக்கிப் பிடித்து, "டேய், பாப்பா அழுகுதுடா! அப்பாவ எங்கேன்னு கேக்குதுடா!" என்று கத்தினார். என்னிடம் கற்றுக்கொண்டது அது.

துண்டிப்பதா விடுவதா என்று என் விரல் நின்றது. இது சோதனை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அழுகை சோதனை இல்லை என்பதும் அவருக்குத் தெரியும், மகளின் அழுகையில் எது எது என்று அவருக்குத் தெரியும். நின்றார். திரும்பினார். போனை நேராகப் பார்த்தார். கை வாய்க்குப் போனது.

நான் மகளின் முகத்தைத் திரைப் பக்கம் திருப்பினேன்.

இரண்டு விரலால் ரப்பரை உள்ளே அழுத்திவிட்டு, அதே கையை மகளுக்கு ஆட்டிக் காட்டிவிட்டு, அவர் நடந்தார். அதிகாரி கையைத் தூக்கும்வரை நடந்தார்.

கழற்றியதும் ஒரு முழு பாட்டில் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். பிறகு போனை வாங்கினார். உதடு வறண்டு வெளுத்திருந்தது.

"எப்படிங்க இருந்துச்சு?"

"ஒன் உப்ப விடச் சூடு," என்றார். "ஆனா அதே சூடுதான். தெரிஞ்ச சூடு."

இப்போதும் படம் வருகிறது, இப்போதும் டப்பாவைத்தான் முதலில் தேடுகிறேன். ஆனால் அதன் பிறகு முகத்தையும் பார்க்கிறேன். அடுத்த மாதம் லீவில் வருகிறார்கள். அடுத்த ஷிஃப்டில் வேலை பார்க்கும் ஆலங்குடிப் பையன்கள் இருவரும் வரலாமா என்று கேட்டிருக்கிறார்களாம். வாய்க்குழல் இரண்டு வாங்கி நீல நூலும் வெள்ளை நூலும் கட்டி வைத்துவிட்டேன். உப்பைத்தான் இன்னும் கொஞ்சம் வறுக்க வேண்டும்.